திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு மாறுதல்

திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு மாறுதல் என்பது, கணினியில் உள்ள சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகவோ அதனுடன் கூடுதலாகவோ, அசையும் பாகங்கள் அற்ற மின்னணுச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்துவதைக் குறிக்கும். இச்சேமிப்பகம் பொது வழக்கில் எஸ்.எஸ்.டி. எனவும், வன்தட்டு ஹார்ட் டிஸ்க் எனவும் அழைக்கப்படுகின்றன. பழைய கணினியின் வேகத்தைக் கூட்டுவதற்கு இது பயனுள்ள வழியாகும். எனினும், தாமதத்துக்கு வன்தட்டே காரணமாக இருக்கும்போது மட்டுமே இம்மாற்றம் முழுப் பலன் தரும். ஆகவே, செலவு செய்யும் முன் தாமதம் எங்கு ஏற்படுகின்றது என அறிதல் இன்றியமையாதது.

வரலாறு

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்ட அது, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்குறிகளைச் சேமித்தது. எஸ்.எஸ்.டி.க்கு அடிப்படையான பிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா ஆவார். இன்று பரவலாகப் பயன்படும் நாண்ட் வகைப் பிளாஷ் நினைவகம் 1987 இல் அறிவிக்கப்பட்டது. 1991 இல் சன்டிஸ்க் நிறுவனம் 20 மெகாபைட்டுக் கொள்ளளவுள்ள பிளாஷ் சேமிப்பகத்தை ஐ.பி.எம். நிறுவனத்துக்கு வழங்கியது. அதன் விலை ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர்.

வேக வேறுபாட்டின் காரணம்

வன்தட்டில் ஒரு தரவைப் படிப்பதற்கு, படிக்கும் முனை முதலில் உரிய தடத்துக்கு நகர வேண்டும். பின்னர் தட்டு சுழன்று, தேவையான பகுதி முனைக்குக் கீழ் வர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கின்றது. சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருப்பு, அதாவது 4.2 மில்லிநொடி ஏற்படும். முனை நகர்வதற்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி ஆகும் எனக் கொண்டால், மொத்தத் தாமதம் 13 மில்லிநொடி. எனவே வன்தட்டால் நொடிக்கு ஏறத்தாழ 75 வெவ்வேறு இடங்களிலிருந்து மட்டுமே தரவைப் படிக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் நகர்வும் சுழற்சியும் இல்லாமையால், இத்தாமதம் ஏறத்தாழ 0.1 மில்லிநொடி அல்லது அதனினும் குறைவு.

இயங்குதளம் தொடங்கும்போதும் மென்பொருள்கள் திறக்கப்படும்போதும், பல இடங்களில் சிதறியுள்ள ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. மாற்றம் மிகத் தெளிவாக உணரப்படுவது இங்கேயே. மாறாக, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பதில் வன்தட்டு நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட்டும், சாட்டா இணைப்பு எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட்டும் தரும். இங்கு வேறுபாடு சில மடங்கு மட்டுமே.

தாமதத்தைக் கண்டறிதல்

விண்டோஸ் 8 இலும் பிந்திய பதிப்புகளிலும் டாஸ்க் மேனேஜர் என்னும் கருவி செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாட்டை விழுக்காட்டில் காட்டுகின்றது. கணினி மந்தமாக இருக்கும் வேளையில் இதனைப் பார்த்துப் பின்வருமாறு முடிவு செய்யலாம்.

- வட்டுப் பயன்பாடு 100 விழுக்காட்டை எட்டியும் செயலி ஓய்வாக இருப்பின், எஸ்.எஸ்.டி. பெரும் பலன் தரும்.
- நினைவகம் நிரம்பியிருப்பின், இயங்குதளம் வட்டின் ஒரு பகுதியையே நினைவகமாகப் பயன்படுத்தும். இந்நிலையில் வட்டும் முழுமையாக இயங்குவதாகத் தோன்றும். முதலில் ராம் நினைவகத்தைக் கூட்டுவதே பொருத்தமானது.
- செயலி 100 விழுக்காட்டில் இயங்கின், எடுத்துக்காட்டாக நிகழ்பட மாற்றத்தின்போது, எஸ்.எஸ்.டி.யால் பெரும் மாற்றம் ஏற்படாது.
- இணையப் பக்கங்கள் மட்டும் மெதுவாக வந்தால், இணைய இணைப்பையே முதலில் சோதிக்க வேண்டும்.

பொருத்துவதற்கான தகுதி

சாட்டா இணைப்புள்ள கணினிகளில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். நொடிக்கு 300 மெகாபைட்டு வரம்புடைய இரண்டாம் தலைமுறைச் சாட்டாவிலும் சிறு கோப்புகளைப் படிக்கும் வேகத்தில் முன்னேற்றம் கிடைக்கும். எம்.2 எனப்படும் சிறு அட்டை வடிவில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உள்ளன. வடிவம் ஒத்திருப்பினும், ஒரு வகைக்கான செருகுவாயில் மற்றது இயங்காமல் போகலாம். தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது.

இயங்குதளத்தின் நிலையும் கருதத்தக்கது. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 க்கு வேண்டிய செயலியும் பாதுகாப்பு வசதியும் இல்லாத கணினி, எஸ்.எஸ்.டி. பொருத்துவதால் மட்டும் தகுதி பெறாது. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம்.

ஆயுள்

பிளாஷ் நினைவகக் கலங்களை வரையறுக்கப்பட்ட தடவைகள் மட்டுமே அழித்து எழுத முடியும். கட்டுப்படுத்திச் சில்லு எழுத்துப் பணியை எல்லாக் கலங்களுக்கும் பகிர்ந்தளிப்பதால் தேய்மானம் சீராகின்றது. எடுத்துக்காட்டாக, 500 ஜிகாபைட்டு சாம்சங் 870 ஈவோ சேமிப்பகத்துக்கு 300 டெராபைட்டு எழுதும் வரை, அல்லது 5 ஆண்டுகள் வரை, இவற்றுள் முந்தியது வரை உத்தரவாதம் உண்டு. நாளொன்றுக்கு 20 ஜிகாபைட்டு எழுதினால், அவ்வெழுத்து அளவை எட்ட 40 ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே வீட்டுப் பயன்பாட்டில் இவ்வரம்பு அரிதாகவே இடையூறாகும்.

தரவுப் பாதுகாப்பு

வன்தட்டு பழுதடையும் முன் சில வேளைகளில் வழக்கத்துக்கு மாறான ஒலி எழும். எஸ்.எஸ்.டி. எவ்வித முன்னறிவிப்புமின்றிச் செயலிழக்கக்கூடும். மேலும், 2009 இல் வெளியான விண்டோஸ் 7 முதல் விண்டோஸ் ஆதரிக்கும் டிரிம் என்னும் கட்டளை, அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கின்றது. இதனால் எழுதும் வேகம் பேணப்படினும், தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் இயலாததாகின்றது. மின்சாரமின்றி நெடுங்காலம் வைக்கப்படும் எஸ்.எஸ்.டி.யில் மின்னூட்டம் கசிந்து தரவு இழக்கப்படவும் கூடும்.

ஆகவே மாற்றத்துக்கு முன்னரே ஒளிப்படங்கள், ஆவணங்கள் முதலியவற்றின் படியை வேறொரு சாதனத்தில் எடுத்துவைக்க வேண்டும். கழற்றிய வன்தட்டு நல்ல நிலையில் இருப்பின், அதனை யு.எஸ்.பி. உறையில் இட்டுக் காப்புப்படிக்குப் பயன்படுத்தலாம். புதிய சேமிப்பகத்தில் எல்லாக் கோப்புகளும் சரியாகத் திறக்கின்றனவா எனச் சோதிக்கும் வரை, பழைய வன்தட்டில் உள்ளவற்றை அழிக்கலாகாது.