துளைகளில் பிறக்கும் மின்சாரம்

பழவேற்காடு ஏரியோரக் கோட்டைக்குப்பத்தில் வலையின் தரத்தை நூலும் கண்ணும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. ஹைட்ரஜனைக் கொண்டு மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தின் உள்ளே இருக்கும் நுண்துளைக் கார்பனும் அப்படித்தான். அதன் திண்மப் பகுதிக்கு ஒரு வேலை, வெற்றிடத்துக்கு இன்னொரு வேலை.

கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய, எரிபொருள் கலத்தால் ஓடும் ஹைட்ரஜன் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைத்தார். 50 பேர் பயணிக்கலாம். டீசல் இல்லை, புகை இல்லை, வெளியேறுவது தண்ணீர்தான்.

இந்தப் படகை இயக்கும் வகை எரிபொருள் கலத்தின் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் ஒருபுறம் நுழையும் ஹைட்ரஜன், பிளாட்டினத்தைத் தொட்டதும் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வைக் கடக்கிறது. எலக்ட்ரானைச் சவ்வு விடாது. அது வெளிச்சுற்றில் ஓடி, மோட்டாரைச் சுழற்றிவிட்டு மறுபுறம் வருகிறது. அங்கே காற்றின் ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து நீராகின்றன.

இந்த வினை நடக்க வாயு, புரோட்டான், எலக்ட்ரான் மூன்றும் பிளாட்டினத் துகளில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பை அமைத்துத் தருவது கார்பன். சவ்வை ஒட்டிக் கார்பன் தூள். ஒரு கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்புள்ள தூள்கள்கூட உண்டு. அதன்மேல் சில நானோமீட்டர் அளவே உள்ள பிளாட்டினத் துகள்கள் பரவியிருப்பதால், விலையுயர்ந்த உலோகம் கொஞ்சமே போதும். அதற்கு வெளியே கார்பன் இழைகளால் ஆன தாள். அதன் பருமனில் முக்கால் பங்கு வெற்றிடமாகவே இருக்கலாம். வெற்றிடம் வழியே வாயு உள்ளே வரும், நீர் வெளியேறும். இழை வழியே மின்சாரம் பாயும். துளையில் நீர் தேங்கினால் ஆக்சிஜனின் வழி அடைபடும் என்பதால் தாளுக்கு டெஃப்லான் பூசுகிறார்கள்.

துளை பெருகினால் மட்டும் போதாது. மிக நுண்ணிய துளைக்குள் சிக்கிய பிளாட்டினத்துக்குப் புரோட்டான் எளிதில் எட்டாது. பெரிய துளையும் சிறிய துளையும் அளவாகக் கலந்திருக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், சென்னையிலுள்ள எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையமும் இத்தகைய கலங்களில் ஆய்வு செய்துவருகின்றன.

இத்தகைய படகு பழவேற்காட்டில் ஓட இன்னொரு சவாலும் உண்டு: உப்புக்காற்று. உப்பின் சோடியம் சவ்வில் புரோட்டானின் ஓட்டத்தைக் குறைக்கும்; குளோரைடு பிளாட்டினத்தைக் கரைக்கும். ஆகவே காற்றை வடிகட்டிய பிறகே கலத்துக்குள் விட வேண்டும். பூநாரைகள் வந்திறங்கும் இந்த ஏரியில் எண்ணெய் கசியாத, இரைச்சலற்ற படகு ஓட வேண்டுமானால், நம் ஆய்வுக்கூடங்கள் இந்த உப்புக்காற்றிலேயே தங்கள் கலங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.