அடிமரம் எங்கே? ஹூக்ளி நதிக்கரையில் பிள்ளைகளோடு இரண்டு நாட்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. பயணச்சீட்டு, தங்குமிடம், செலவு என்று பல நாட்கள் கணக்குப் போடுகிறோம். போன இடத்தில் பிள்ளைகளோடு எப்படி இருக்கப் போகிறோம் என்பதைப் பற்றி மட்டும் நாம் முன்கூட்டி யோசிப்பதில்லை. பணிமாற்றத்தால் கொல்கத்தாவில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தபோது, அந்த இரண்டாவது கேள்வியின் அருமையை என் மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

கொல்கத்தா ஹூக்ளி நதியால் உருவான நகரம். அந்நகரில் பிள்ளைகளோடு சென்று காண வேண்டிய இரண்டு இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பாலிகஞ்ச் பகுதியில் குருசதய் சாலையில் உள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். மற்றொன்று, நதியின் மேற்குக் கரையில், ஹவுராவின் ஷிப்பூரில் அமைந்த தாவரவியல் பூங்கா. இரண்டையும் இரு வேறு நாட்களில், இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. முதல் நாளில் கண்டதற்குப் பொருள் இரண்டாம் நாளில் விளங்கும்.

தொட்டுப் பார்க்கும் அறிவியல்

பிர்லா அருங்காட்சியகம் 1959ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. நம் நாட்டின் மூத்த அறிவியல் அருங்காட்சியகங்களுள் இதுவும் ஒன்று. 1965ஆம் ஆண்டிலேயே காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியை இது தொடங்கியது. நகரத்துக்கு வர இயலாத பிள்ளைகளிடம் அருங்காட்சியகமே தேடிச் சென்றது என்பது நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

இங்கே காட்சிப் பொருள்களைத் தொடலாம், இழுக்கலாம், சுழற்றலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளைப் பார்த்து நகர்வதற்கும், தன் கையால் ஒரு பளுவைத் தூக்கிப் பார்த்து நெம்புகோலின் பயனை உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளின் முகத்திலேயே காணலாம்.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். கட்டாயம் பார்க்க வேண்டியது இங்குள்ள மாதிரி நிலக்கரிச் சுரங்கம். மண்ணுக்கு அடியில் இறங்கியது போன்ற உணர்வைத் தரும் வகையில், சுரங்கப் பாதையும் கருவிகளும் உண்மை அளவிலேயே அமைக்கப்பட்டுள்ளன. நெய்வேலியைப் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருக்கும். நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றிவிட்டுத் திறந்தவெளியில் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்கிறார்கள். வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியிலோ பூமியின் ஆழத்தில் குடைந்து சென்று எடுக்கும் முறை நெடுங்காலம் நிலவியது. இந்தியாவில் வணிக நோக்கிலான நிலக்கரி அகழ்வு 1774ஆம் ஆண்டு தொடங்கியதும் அங்கேதான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தக் கரி முன்பு என்னவாக இருந்தது?" ராணிகஞ்ச் நிலக்கரி, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு சதுப்பு நிலங்களில் செழித்திருந்த காடுகளின் எச்சம். செடிகள் சூரிய ஒளியைக் கொண்டு காற்றிலுள்ள கரியைத் தம் உடலாக மாற்றிக்கொண்டன. அவை மடிந்து, சேற்றில் புதைந்து, மேலே படிந்த மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கல்லாக இறுகின. ஆக, நாம் எரிக்கும் நிலக்கரி என்பது பழங்காலத்துச் சூரிய ஒளியின் சேமிப்பு. அந்தச் சேமிப்பு உயிரோடு நடைபெறுவதைக் காண, மறுநாள் ஆற்றைக் கடந்து பூங்காவுக்குச் செல்ல வேண்டும்.

ஆற்றைக் கடக்கும்போது

கொல்கத்தாவிலிருந்து ஷிப்பூர் செல்ல, 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது வசதியானது. கோபுரங்களிலிருந்து சரிவாக இறங்கும் கம்பி வடங்கள் பாலத்தின் தளத்தைத் தாங்கி நிற்கின்றன. சற்று வடக்கே, 1943ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள ஹவுரா பாலம். ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல், இரு கரைகளிலிருந்தும் நீட்டிய கைகளைப் போல அது நிற்கிறது. ஒரு பாலம் மேலிருந்து தொங்குகிறது, மற்றொன்று கரையிலிருந்து நீள்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கீழிருந்து தாங்கும் மூன்றாவது முறை ஒன்றைப் பூங்காவில் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நதியும் ஒரு பாடம்தான். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும், இங்கே நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. கடல் நீர்மட்டம் உயரும்போது நதி திரும்பி, வடக்கு நோக்கி ஓடுகிறது. கரையில் அமர்ந்து, மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கொத்து எந்தத் திசையில் செல்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் விடை மாறியிருக்கும்.

வணிகம் வளர்த்த தோட்டம்

இன்று ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்கா என்ற பெயரில் விளங்கும் இந்தத் தோட்டம் 1787ஆம் ஆண்டு உருவானது. இதற்கு வித்திட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ராபர்ட் கிட். 1770ஆம் ஆண்டு வங்காளத்தை உலுக்கிய பெரும் பஞ்சம் நினைவில் இருந்த காலம் அது. பஞ்சத்தில் உணவாகக்கூடிய பயிர்களையும், வாணிகத்துக்கு உதவும் வாசனைப் பயிர்களையும், கப்பல் கட்டத் தேக்கையும் இங்கே வளர்க்கலாம் என்று அவர் கருதினார். தேக்கு இந்த மண்ணில் எதிர்பார்த்தபடி வளரவில்லை. ஆயினும் தோட்டம் நிலைத்தது. 1793ஆம் ஆண்டு பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை மாகாணத்தில் பணியாற்றிக் கோரமண்டல் கரையின் தாவரங்களை ஆராய்ந்தவர்.

1830களில் சீனாவிலிருந்து வந்த தேயிலை விதைகள் இங்கே முளைக்க வைக்கப்பட்டு, நாற்றுகள் அசாமுக்கும் இமயமலைப் பகுதிக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் அனுப்பப்பட்டன. காலையில் நாம் அருந்தும் தேநீரின் வரலாற்றில் இந்த நதிக்கரைக்கும் ஓர் இடம் உண்டு என்று சொன்னால், பிள்ளைகள் மட்டுமன்றித் தாத்தா பாட்டியும் நின்று கேட்பார்கள்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 109 ஹெக்டேர். நதியோடு தொடர்புடைய ஏரிகள் பல உள்ளன. பருவம் வாய்த்தால், தட்டு போன்ற இலைகளைக் கொண்ட அமேசான் ராட்சத அல்லியைக் காணலாம். அதன் இலையின் அடிப்புறத்தில் விசிறிபோல் விரியும் தடித்த நரம்புகளே அத்தனை பெரிய இலையை மிதக்க வைக்கின்றன. 1851ஆம் ஆண்டு லண்டனில் பளிங்கு மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், இந்த இலையின் அமைப்பிலிருந்து ஊக்கம் பெற்றார்.

என் மகள் கேட்ட கேள்வி

பூங்காவின் பெருமை அங்குள்ள மாபெரும் ஆலமரம். 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு சிறு காடு போலத் தோன்றும். மரத்தைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்குச் சாலை போட்டார்கள். மரமோ அந்தச் சாலையையும் தாண்டி வளர்ந்துவிட்டது.

முதன்முறை சென்றபோது ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. கணக்குப் பார்த்துப் பழகிய மனம். கொடுத்த கட்டணத்துக்கு எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். அப்போது பத்து வயதான என் மகள் ஆலமரத்தின் முன் நின்றுவிட்டாள்.

"அப்பா, இதோட அடிமரம் எங்கே?"

"நடுவில எங்கேயாவது இருக்கும்மா. வா, நேரமாகுது" என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவள் சற்றுப் பின்தங்கி, அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஓடி வந்தாள். "நடுவில இல்லப்பா. 1925லயே வெட்டி எடுத்துட்டாங்களாம்" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆனால், அன்று மாலை வரை அவள் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அதை உணர்ந்தேன். நான் தவறவிட்டது மரத்தைப் பற்றிய ஒரு தகவல் மட்டுமாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

அடுத்த மாதம் மீண்டும் சென்றோம், அந்த ஒரு மரத்துக்காகவே. வழியில் அவளிடம், "அன்னைக்கு எனக்குத் தெரியாமலே சொல்லிட்டேன். இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றேன். முன்னே ஓடியது அவள்தான்.

நாங்கள் தெரிந்துகொண்டது இது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய பெரும்புயல்களில் மரம் சேதமடைந்தது. முறிந்த இடங்களில் பூஞ்சை தாக்கி அடிமரம் சீர்கெட்டது. மற்றப் பகுதிகளைக் காப்பாற்றுவதற்காக 1925ஆம் ஆண்டு அடிமரத்தை அகற்றினார்கள். அதன் சுற்றளவு 15 மீட்டருக்கும் அதிகம். அதன்பின் இன்றுவரை அந்த மரம் அடிமரம் இல்லாமலே வாழ்கிறது.

எப்படி? கிளையிலிருந்து இறங்கும் விழுது முதலில் நூல்போல் மெல்லியது. மண்ணைத் தொட்டு வேர் பிடித்ததும் தடிக்கத் தொடங்கித் தூணாகிறது. கிளையைத் தாங்குவதோடு, நீரையும் உப்புகளையும் மேலே அனுப்புகிறது. அந்தத் தூணின் துணையால் கிளை இன்னும் நீள்கிறது, அங்கிருந்து அடுத்த விழுது இறங்குகிறது. இவ்வாறு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் இம்மரத்தைத் தாங்குகின்றன. பாலம் தாங்கும் மூன்றாவது முறையை என் மகள் அங்கே கண்டுகொண்டாள். 2020ஆம் ஆண்டின் ஆம்பன் புயலிலும் மரம் அடிபட்டது, ஆனாலும் நிற்கிறது. ஒரே தூணை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சேமிப்பை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவரும் எனக்கு, அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

புறப்படும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமே உகந்தது. வார விடுமுறை நாளையும் திறக்கும் நேரத்தையும் புறப்படும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். பூங்காவில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். நல்ல காலணியும் குடிநீரும் தேவை. கொண்டுசென்ற எதையும் அங்கே விட்டுவராதீர்கள். விழுதுகளைப் பிடித்து ஊஞ்சலாடக் கூடாது என்பதற்கான காரணத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். இன்று நூலாகத் தொங்குவது நாளைய தூண்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் கொடுங்கள். பார்த்தவற்றின் பட்டியலை விட, எழுந்த கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் கைப்பேசியை உடனே எடுக்க வேண்டாம். சிறிது நேரம் சேர்ந்து பார்த்து, ஊகித்து, பிறகு சரிபாருங்கள்.

கொல்கத்தா செல்ல இயலாதவர்களுக்குச் சென்னையிலேயே வாய்ப்பு உண்டு. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அறிவியல் தொழில்நுட்ப மையமும் ஒரே வளாகத்தில் உள்ளன. அருகிலேயே கிண்டியில் சிறுவர் பூங்காவும் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. அடையாற்றின் கரையில், பிரம்மஞான சபை வளாகத்தில் நிற்கும் புகழ்பெற்ற ஆலமரமும் 1989ஆம் ஆண்டு புயலில் தன் அடிமரத்தை இழந்து, விழுதுகளால் வாழ்வதுதான். பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு ஒரு நாள் சென்று வாருங்கள்.

அங்கே உங்கள் பிள்ளையும் அடிமரம் எங்கே என்று கேட்கக்கூடும். விடை இப்போது உங்களுக்குத் தெரியும். ஆயினும் உடனே சொல்லிவிடாதீர்கள். "வா, தேடிப் பார்ப்போம்" என்று கூட நடங்கள்.