எடை தூக்கிய பூனைகள்

தசை வளர்வது சாப்பாட்டாலா, உழைப்பாலா? மனிதர்களை வைத்து இதற்குப் பதில் தேடுவது சிரமம். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், பயிற்சியை ஒழுங்காகச் செய்தாரா என்று ஒருவரை மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனிக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் விலங்குகளிடம் போனார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸில் வில்லியம் கோன்யா என்ற ஆய்வாளர் 1970-களில் பூனைகளை எடை தூக்கப் பழக்கினார். எடை கட்டிய கம்பியைப் பூனை ஒரு முன்னங்காலால் அசைக்க வேண்டும். அசைத்தால் தீனி கிடைக்கும். பழகப் பழக எடை கூடிக்கொண்டே போகும். கடைசியில் பார்த்தால், வேலை செய்த காலின் தசை மறு காலின் தசையைவிடப் பருத்திருந்தது. இந்தச் சோதனையின் அழகே அந்த மறு காலில்தான் இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் ஒரே இரத்தம், ஒரே தீனியின் சத்து. ஆனாலும் சுமை கண்ட கால் மட்டுமே வளர்ந்தது.

1993-இல் கோன்யாவும் ஜோஸ் அன்டோனியோவும் காடையின் ஒரு சிறகில் எடையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பறவையின் உடல் எடையில் 10 சதவீதத்தில் தொடங்கி, இடையிடையே ஓய்வு கொடுத்து, படிப்படியாக 35 சதவீதம்வரை கொண்டுபோனார்கள். சுமந்த சிறகின் தசை, சுமக்காத சிறகில் இருந்ததைப்போல நான்கு மடங்குக்கும் மேல் கனத்தது. இருக்கிற இழைகள் தடித்ததோடு, இழைகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விட வலுவான சான்றாகத் தோன்றுவது ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளர் எலிகளில் செய்தது. கெண்டைக்காலின் பெரிய தசையின் நாணை வெட்டிவிட்டால், அதன் பாரம் முழுக்க அடியில் உள்ள சிறு தசைமேல் ஏறும். சில நாட்களிலேயே அது பருக்கத் தொடங்கும். பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து வளர்ச்சி ஹார்மோனே இல்லாமல் செய்த எலிகளிலும் அது பருத்தது. பட்டினி கிடந்து உடலின் மற்ற தசைகள் கரைந்துகொண்டிருந்த எலிகளிலும்கூட, சுமை ஏறிய தசை கனம் கூடியது.

அப்படியானால் சத்துணவுக்கு வேலையே இல்லையா? நிச்சயம் உண்டு. வேலை கட்டளையிடுகிறது, உணவு கட்டுவதற்கான பொருளைத் தருகிறது. புரதத்தில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம், செல்லுக்குள் எம்டார் என்ற புரதத்தைத் தூண்டிப் புதிய தசைப் புரதம் உருவாக வைக்கிறது. சுமையும் இதே புரதத்தைத்தான் தூண்டுகிறது. 2001-இல் ராபமைசின் மருந்து கொடுத்து அதை முடக்கியபோது, எலிகளுக்கு எவ்வளவு சுமை ஏற்றியும் தசை ஏறக்குறைய வளரவே இல்லை.

தசையில் உள்ள கிரியேட்டின் என்ற பொருளின் விஷயமும் இப்படித்தான். 1847-இலேயே லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலர், வேட்டையில் ஓடவிட்டுப் பிடித்த நரியின் இறைச்சியில், அடைத்து வளர்த்த நரியின் இறைச்சியைவிடப் பல மடங்கு கிரியேட்டின் இருப்பதாக எழுதினார். கிரியேட்டின் தசைக்கு உடனடி ஆற்றலைத் தருகிறது. இன்னும் சில முறை எடை தூக்க உதவுகிறது. தூக்காதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் தீனியோடு உழைப்பும் வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம் என்று தீவனத்தில் குறை வைக்கமாட்டார்கள். கூடவே கண்மாயில் நீச்சல், தினமும் நடை, கொம்பால் மண் குத்தும் பழக்கம் எதையும் விடமாட்டார்கள்.

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே புரத மாவு டப்பா வாங்கும் தம்பிகள் கொஞ்சம் பொறுக்கலாம். முட்டை, பால், பயறு, மீன் சாப்பிட்டுக்கொண்டு சில மாதம் தவறாமல் எடை தூக்குங்கள். டப்பா தேவையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.