ஒரு நம்பர், பத்து லைன்

மருத்துவமனையோ பஸ் கம்பெனியோ, விளம்பரத்தில் அச்சாவது ஒரே ஒரு தொலைபேசி எண்தான். அந்த எண்ணுக்கு ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் பத்துப் பேருக்கும் மணி அடிக்கிறது. ‘ஹன்டிங்’ என்னும் ஏற்பாடுதான் காரணம். அழைப்பு வந்ததும் முதல் லைன் காலியா என்று தொலைபேசி நிலையம் பார்க்கும். பிசி என்றால் இரண்டாவது, அதுவும் பிசி என்றால் மூன்றாவது எனத் தேடிக்கொண்டே போகும். ஒன்றுகூடக் காலியில்லை என்றால்தான் எங்கேஜ்டு டோன்.

அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியும் மேசைகளில் உள்ள எக்ஸ்டென்ஷன்களிடையே இதையே செய்கிறது. எப்போதும் முதல் மேசையிலிருந்தே தேடினால் அங்கே இருப்பவருக்கு மூச்சுவிட நேரமிராது. கடைசி மேசைக்காரருக்கு வேலையே வராது. ஆகவே, போன முறை எடுத்தவருக்கு அடுத்தவரிடமிருந்து தேடும் சுற்றுமுறை வந்தது. அதிக நேரம் அழைப்பே வராமல் இருந்தவருக்கு முதலில் கொடுக்கும் முறையும் உண்டு.

எல்லாரும் பேசிக்கொண்டிருந்தால்? அழைத்தவரை வரிசையில் நிறுத்தி, பெட்டி பாட்டுப் போடும். ஆனால் காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். எடுத்துப் பேச ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஐந்தே லைன் வைத்தால் வரிசைக்கே இடமில்லை.

அப்படியானால் எத்தனை லைன் வேண்டும்? கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த கணித அறிஞர் ஏ.கே. எர்லாங் 1917-இல் இதற்குச் சூத்திரம் தந்தார். மணிக்கு 100 அழைப்பு, சராசரி 3 நிமிடப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நிமிடம்; 60-ஆல் வகுத்தால் 5. ஐந்து லைன் போதும்போலத் தோன்றும்.

போதாது.

அழைப்புகள் சீராக வருவதில்லை. ஒரு நிமிடத்தில் நாலைந்து சேர்ந்து வரும். அடுத்த நிமிடம் ஒன்றும் வராது. வரிசையில் நிறுத்தும் வசதி இல்லாத இடத்தில் 5 லைன் மட்டும் இருந்தால், எர்லாங் கணக்குப்படி நூற்றுக்கு 28 பேருக்கு எங்கேஜ்டு டோன்தான். 10 லைன் இருந்தால் அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே இன்று ‘எர்லாங்’ என்றுதான் பெயர்.

லைன் வாங்கும் அலுவலகங்கள் நாள் முழுவதற்குமான சராசரியை நம்பக் கூடாது. அழைப்பு குவியும் ஒரு மணி நேரத்தைத்தான் கணக்கெடுக்க வேண்டும். ஆனால் லைன் கிடைக்காமல் தொலைபேசி நிலையத்திலேயே திரும்பிப்போன அழைப்பு இபிஏபிஎக்ஸ் பதிவேட்டில் ஏறுவதில்லை. அந்த எண்ணிக்கையைச் சேவை தரும் நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.