பீரோவில் தூங்கும் பழைய கேமரா... ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீடு மாறும்போது பீரோ மேல்தட்டிலிருந்து ஒரு லெதர் பை வந்து விழும். உள்ளே அப்பாவோட யாஷிகா இருக்கும். இல்லைன்னா, வீக் எண்ட் கல்யாண ஆர்டருக்காக நீங்களே வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். 'இதுக்குப் போய் செலவு பண்ணணுமா?' என்று யோசிக்கிறீர்களா? முடிவெடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க.

ஃபிலிம் கேமராவா?

பின்பக்க மூடியை உடனே திறக்காதீங்க. ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ரோல் இருக்கலாம். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள படங்கள் போயிடும். ரோலை முழுசா சுற்றி எடுத்து லேபில் கொடுங்கள். பேட்டரி முனையில் பச்சை, வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பல நேரம் சுத்தம் செய்தாலே போதும். ஆனால், ஃபிளாஷ் உள்ள கேமராவை நீங்களே பிரிக்காதீங்க. பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பலமாக ஷாக் அடிக்கும்.

லென்ஸில் ஃபங்கஸ்

நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு இதுதான் பெரிய வில்லன். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா? ஆரம்பக்கட்டம் என்றால் துடைத்து எடுத்துவிடலாம். கண்ணாடி மேல் உள்ள கோட்டிங்கையே அரித்திருந்தால் தழும்பு போகாது. லெதர் பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் பாதுகாப்பு.

ஷட்டர் கவுன்ட்

ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர்களின் ஷட்டர் சுமார் 1 லட்சம் கிளிக் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால், 50 கல்யாணத்தில் முடிந்தது. நிக்கானில் நீங்கள் எடுத்த படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே இந்த எண்ணைப் பார்க்கலாம்.

எப்போ ரிப்பேர், எப்போ புதுசு?

அம்பத்தூர், ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. பூந்தமல்லிக்காரர்கள் பஸ்ஸில் அண்ணா சாலை வந்துவிடலாம். இரண்டு கடையில் எஸ்டிமேட் கேளுங்கள். பார்ட்ஸ் புதுசா, வேறு கேமராவிலிருந்து கழற்றியதா என்றும் கேளுங்க.

அதே மாடல் செகண்ட் ஹேண்டில் விற்கும் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு போனால், புதுசுதான் லாபம். அப்போதும் லென்ஸை விற்றுவிடாதீங்க. கேனான் இ.எஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு புது மிரர்லெஸ் பாடியில் பயன்படுத்தலாம். நிக்கானிலும் முடியும், ஆனால் பழைய ஏ.எஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

கல்யாண ஆர்டர் கையில் இருந்தால் சென்டிமென்ட் வேண்டாம். முகூர்த்த நேரத்தில் ஷட்டர் நின்றால் ரீடேக் கிடையாது. அப்பாவோட கேமராவுக்கு மட்டும் இந்தப் பாதி விலைக் கணக்கு பொருந்தாது. அதைச் சரிபண்ணி, முதல் ரோலில் அவரையே ஒரு படம் எடுங்க!