நண்பன் வென்றால் நமக்கு ஏன் வலிக்கிறது?

கடந்த மே மாதம் ஒருநாள் காலை, தெம்பனிசில் ரயில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பிடோக் நிலையத்தில் என் நெருங்கிய நண்பன் அதே பெட்டியில் ஏறினான். உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒன்றாகப் படித்தவன். அவனைப் பார்த்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

காரணம் இதுதான். இருவரும் ஒரே வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பித்தோம். நகரின் நடுவே குளிர்சாதன அலுவலகத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததோ துவாசில் ஒரு தொழிற்கூடம். "கிடைச்சிருச்சுடா!" என்று அவன் அனுப்பிய குறுஞ்செய்திக்கு நான் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன். அதன்பிறகு அவன் அழைத்தால் எடுப்பதில்லை. சனிக்கிழமைக் காற்பந்துக்கும் போவதில்லை.

அன்று அவன் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கினான். நான் துவாஸ் லிங்க் வரை இன்னும் 19 நிலையங்கள் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் அவன் என்னைவிட எவ்வளவு முன்னே இருக்கிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

துவாஸ் நம்மில் பலர் பார்க்காத சிங்கப்பூர். அங்கே ரயில் போகத் தொடங்கியதே 2017 ஜூன் மாதத்தில்தான். தொழிற்சாலைகள், கப்பல் பட்டறைகள், 2022ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெரிய துறைமுகம், வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் என்று அது தனி உலகம். 'இங்கே வந்து மாட்டிக்கொண்டோமே' என்ற எண்ணம் முதல் சில வாரங்கள் என்னை விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில், எங்கள் பிரிவில் வேலை செய்யும் தமிழ்நாட்டு அண்ணன் ஒருவர் லட்டுப் பெட்டியை நீட்டினார். முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் வாங்கியதாம்.

"என்ன விசேஷம் அண்ணே?"

"எங்க ரூம்ல இருக்கிற தம்பி ஊர்ல வீடு கட்டி முடிச்சுட்டான். நேத்து பால் காய்ச்சினாங்க."

அந்தத் தம்பி சிங்கப்பூர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லட்டு கொடுத்த அண்ணன் வந்து பதினான்கு ஆண்டுகள். அவருடைய வீடு இன்னும் கூரை மட்டத்தில் நிற்கிறது. தங்கை திருமணம், அப்பாவின் மருத்துவச் செலவு என்று பணம் வேறு வழிகளில் போய்விட்டது. இது எனக்கு முன்பே தெரியும். அதனால் கேட்டுவிட்டேன்: "உங்களுக்கு வருத்தமா இல்லையா அண்ணே?"

அவர் சிரித்தார். "இல்லன்னு சொன்னா பொய், தம்பி. அவன் போட்டோவைக் காட்டினப்ப ஒரு நிமிஷம் வயிறு எரிஞ்சுச்சு. ஆனா அவனால சொந்த வீட்டுப் பால் காய்ச்சுக்கே போக முடியல, பாருங்க. போனை நடுவுல வச்சு நாங்க பன்னிரண்டு பேரும் சுத்தி உட்கார்ந்து பார்த்தோம். பால் பொங்கினப்ப எல்லாரும் கை தட்டினோம். அவன் அழுதுட்டான். அந்த நேரத்துல என் வீடு எனக்கு ஞாபகமே வரல."

அந்த லட்டை என்னால் உடனே விழுங்க முடியவில்லை. பதினான்கு ஆண்டு காத்திருப்பவரால் முடிந்தது, மூன்று மாத வேலைப்பயிற்சிக்காக எனக்கு முடியாமல் போய்விட்டதே!

அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு பழைய நினைவு வந்தது. 2016 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை. அப்போது எனக்குப் பதினொரு வயது. ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 வினாடிகளில் வென்று, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். வீட்டில் எல்லாரும் துள்ளிக் குதித்தோம். முன்பின் பார்க்காத ஒருவரின் வெற்றிக்கு அவ்வளவு ஆனந்தப்பட்ட எனக்கு, கூடவே வளர்ந்த நண்பனின் வெற்றி ஏன் கசந்தது?

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ல் 'சமூக ஒப்பீடு' பற்றிய கோட்பாட்டை வெளியிட்டார். நம் திறனை அளக்கத் தெளிவான அளவுகோல் இல்லாதபோது நாம் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதிலும் நம்மைப் போன்றவர்களோடுதான் ஒப்பிடுகிறோம் என்றார் அவர். ஸ்கூலிங்கோடு நான் என்னை ஒப்பிடவில்லை. ஒரே வகுப்பு, ஒரே வயது, ஒரே விண்ணப்பம் என்றிருந்த நண்பனோடுதான் ஒப்பிட்டேன். ஒப்பிடும் எண்ணம் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் அதற்காக நண்பனைவிட்டு விலகியது நான் எடுத்த முடிவு.

பள்ளிகளும் இதை மாற்ற முயன்றுள்ளன. நான் உயர்நிலை இரண்டில் படித்த 2019ல், தேர்ச்சி அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று குறிப்பிடுவதைக் கல்வி அமைச்சு நிறுத்தியது. ஆனால் அந்த எண்ணை நாங்கள் விடவில்லை. இடைவேளையில் ஒருவரை ஒருவர் கேட்டு, நாங்களே வரிசைப்படுத்திக்கொண்டோம். இன்று அந்த வேலையை இன்ஸ்டகிராமும் லிங்க்ட்இன்னும் செய்கின்றன. அவற்றில் புது வீட்டின் படம் வரும். பால் காய்ச்சுக்குப் போக முடியாதவரின் கண்ணீர் வராது.

திருவள்ளுவர் பொறாமையைப் பற்றிப் பேச 'அழுக்காறாமை' என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். தமிழ் வகுப்பில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். பௌத்தத்தில் இதற்கு நேர்மாறான குணத்துக்கு 'முதிதா' என்று பெயர். பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது என்று பொருள். அன்பு, கருணை, சமநிலை ஆகியவற்றோடு சேர்த்துப் பழகி வளர்க்க வேண்டிய குணமாக அதைச் சொல்கிறார்கள். 'பழகி' என்ற சொல்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது. நண்பன் தேர்வில் தோற்றபோது ஓடிப்போய்த் தேற்றத் தெரிந்த எனக்கு, அவன் வென்றபோது பக்கத்தில் நிற்கத் தெரியவில்லை. அதையும் பழகிக்கொள்ளலாம் அல்லவா?

எப்படிப் பழகுவது? உளவியலாளர் ஷெல்லி கேபலும் சக ஆய்வாளர்களும் 2004ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது ஆர்வத்தோடு கேட்டு, மேலும் விசாரிப்பவர்களின் உறவு கூடுதல் மனநிறைவோடு இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்தத் தம்பியைச் சுற்றி உட்கார்ந்து கை தட்டியவர்கள் செய்தது அதைத்தான். கட்டைவிரல் படம் அந்தக் கணக்கில் சேராது.

அன்றிரவே நண்பனை அழைத்தேன். "உன் வேலை எப்படிடா போகுது? முதல் நாள்ல இருந்து சொல்லு" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பேசத் தொடங்கியவன் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. நடுவில் எனக்கு இரண்டு முறை பொறாமை எட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனாலும் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

கடைசியில் அவன் கேட்டான்: "துவாஸ் எப்படிடா இருக்கு?" லட்டுக் கதையை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அன்னைக்கு ரயில்ல நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை காற்பந்துக்கும் போனேன்.

நண்பர்களே, உங்கள் கைப்பேசியிலும் நீங்கள் கட்டைவிரல் படத்தோடு முடித்துவிட்ட ஒரு நல்ல செய்தி இருக்கலாம். அனுப்பியவரை இன்று ஒருமுறை அழைத்து, "முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள்.