ஐம்பத்தைந்து ஷெவியும் நான்கு டிரம்களும்

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர், "பழைய கார் ஒன்று பார்க்கப் போகிறேன், துணைக்கு வா" என்று கூப்பிட்டார். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களுக்குப் பழைய கார் என்றால் பத்து வயது டொயோட்டா. போய்ப் பார்த்தால் 1955-ம் வருடத்து ஷெவ்ரலே. அதுவும் கறுப்பு நிறம்.

'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) பார்த்தவர்களுக்கு நண்பரின் பித்து புரியும். அதில் ஹாரிசன் ஃபோர்ட் ஓட்டிவரும் கறுப்பு ஷெவி இதே மாடல்தான். கதை 1962-ல் மொடெஸ்டோவில் நடக்கிறது. ஆனால் தெருக்காட்சிகள் பலவும் கடைசிப் பந்தயமும் எங்களுக்கு வடக்கே பெடலுமாவில் எடுக்கப்பட்டவை. பந்தயத்தில் ஷெவி கவிழ்ந்து எரிகிறது. அதை மட்டும் நண்பர் மறந்துவிட்டார்.

இப்படிப் பழைய உடம்பில் புது பலம் ஏற்றிய வண்டிக்கு இங்கே 'ஸ்ட்ரீட் மெஷின்' என்று பெயர். நம்மூரில் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் மாற்றியது சிக்கனத்துக்காக. இவர்கள் மாற்றுவது வேகத்துக்காக. அதற்கு 55 ஷெவி தோதானது. ஷெவ்ரலேயின் புகழ்பெற்ற 'ஸ்மால் பிளாக்' வி-8 எஞ்சின் அறிமுகமானதே அந்த வருடம்தான்: 265 கன அங்குலம் (4.3 லிட்டர்), 162 குதிரைத்திறன். அதே குடும்பத்து எஞ்சின்களை ஜிஎம் பல பத்தாண்டுகள் தயாரித்ததால், பின்னால் வந்த 350 கன அங்குல (5.7 லிட்டர்) எஞ்சினை அதிகம் வெட்டி ஒட்டாமலே இதில் உட்கார வைத்துவிடலாம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். (விற்பவர் சொல்லும் குதிரைத்திறனை அப்படியே நம்பவேண்டாம். 1972-க்கு முன் எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து அளந்த கணக்கு வேறு, வண்டியில் இருக்கிறபடி அளக்கும் கணக்கு வேறு.)

நாங்கள் பார்த்த வண்டியில் இருந்ததும் 350தான். விற்பவர் மலைச்சாலையில் ஓட்டிக் காட்டினார். ஏறும்போது முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது; நண்பர் முகத்தில் பரவசம். இறங்கும்போது நாலாவது வளைவில் விற்பவர் பேச்சை நிறுத்திவிட்டு பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் இல்லை.

மறுநாள் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற மெக்கானிக். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான்கும் டிரம்மா?" என்றார்.

டிரம் பிரேக்கில் இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். தொடர்ந்து மிதித்தால் சூடேறி டிரம் விரியும், ஷூவின் பிடிப்பும் தளரும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் தின்னவேண்டிய சக்தி நான்கு மடங்கு. போதாததற்கு 1955-ல் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போச்சு. ஸ்டீயரிங் தண்டோ ஒரே இரும்புக் கம்பி, ஓட்டுகிறவர் நெஞ்சை நோக்கி நிற்கிறது. மோதினால் மடங்கும் தண்டை ஜிஎம் வைத்தது 1967 மாடல்களில்தான்.

இதையெல்லாம் அரசாங்கம் சோதிக்காதா என்று கேட்டேன். சிரித்தார். கலிஃபோர்னியாவில் 1975-ம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. பிரேக், ஸ்டீயரிங் பார்க்கும் வருடாந்திரச் சோதனை எந்தக் காருக்குமே இல்லை. நியூ ஜெர்சி சொந்தக் கார்களுக்கான அந்தச் சோதனையை 2010-ல் கைவிட்டது, டெக்சாஸ் 2025 ஜனவரியில். இந்தியாவிலோ நேர்மாறு: தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு இங்குள்ள சுதந்திரம்தான் பிடிக்கிறது. ஆனால் பிரேக் சோதனையையும் சேர்த்து விட்டுவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

நண்பர் பேரம் பேசி வண்டியை வாங்கிவிட்டார். முதல் நான்கு மாதம் அது ஓடவேயில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், சீட் பெல்ட், புது டயர். பின் அச்சுக்கு ஃபோர்டின் ஒன்பது அங்குல டிஃபரென்ஷியல். ஷெவிக்காரர்கள் வெட்கப்படாமல் கடன் வாங்கும் ஒரே ஃபோர்டு சாமான் அதுவாகத்தான் இருக்கும். எஞ்சினைத் தொடவில்லை. ஸ்டீயரிங் தண்டு மட்டும் இன்னும் பழையதுதான், விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.